பச்சையைத்தான் கட்டினேன்

எங்கள் வீட்டில் யாராவது பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் வாயிலிருந்து ஒரே வாக்கியம்தான் வரும்: "ஆமா ஆமா, பச்சையைத்தான் கட்டினேன்!" டிவி ரிமோட்டைப் போட்டு உடைத்துவிட்டு முழித்தாலும் அதுதான், மார்க்கை மறைத்தாலும் அதுதான். நானும் தம்பியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தே வளர்ந்தோம். அதை முதன்முதலில் சொன்னது எங்கள் மாமா என்பதும், சொன்னபோது அவர் அழுதுகொண்டிருந்தார் என்பதும் எனக்குக் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

மாமா அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. வயர்மேன். அப்பாவின் பட்டறையில் இரும்பில் துளை போடும் மெஷின் ஒன்று உண்டு. நாங்கள் பிறப்பதற்கு முன் ஒரு நாள் அதன் பிளக் உடைந்துபோனதால் மாமா வந்து வேறு பிளக் மாட்டிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து கரண்ட் இல்லை. பாதி திறந்த ஷட்டர் வெளிச்சத்தில், எண்ணெய் குடித்து நிறம் மங்கிப்போன பழைய வயரைச் சீவி முடுக்கிவிட்டு, "கரண்ட் வந்ததும் போட்டுப் பாருங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். கரண்ட் வந்தது. அப்பா சுவிட்சைப் போட்டார். மெஷின் ஓடவில்லை. என்ன கோளாறு என்று பார்க்க அதன் மேல் கை வைத்தார்.

அப்பா பிழைத்தது பெரிய விஷயம். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியதுதான், இன்று வரை நிமிரவில்லை. வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து பிளக்கைத் திறந்து பார்த்தார். பிளக்கில் கரண்ட் வரும் காலில் இருக்க வேண்டிய சிவப்பு வயர் எர்த் காலில் இருந்தது. மெஷினின் உடம்போடு சேர்ந்து, எர்த்தில் இருக்க வேண்டிய பச்சை, கரண்ட் காலில். மெஷினின் உடம்பு முழுக்கக் கரண்ட் பாய்ந்ததற்கு அதுதான் காரணம். மாமாவைக் கூப்பிட்டு, திறந்த பிளக்கை அவர் கையிலேயே கொடுத்து, "பாரு" என்றாள் அம்மா. மாமா பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே சொன்னார்: "சரியாத்தானேக்கா இருக்கு? பச்சையைத்தான் எர்த்ல கட்டினேன்."

தப்புச் செய்ததைக்கூட அம்மா மன்னித்திருப்பாள். கண்ணால் பார்த்துக்கொண்டே பொய் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "என் புருஷன் கை போச்சு, நீ என் மூஞ்சியைப் பாத்து பொய் சொல்றியா? இனிமே இந்த வாசப்படி மிதிக்காத." மாமா அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. வயர் வேலையையும் விட்டுவிட்டார் என்று கேள்வி.

இவ்வளவு நடந்த வீட்டில் பிறந்த என் தம்பிக்குக் கரண்ட் என்றால் உயிர். என்னைவிட ஒரு வயது சின்னவன். பத்தாவது முடித்ததும் எலக்ட்ரிகல் கோர்ஸில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். "இன்னொரு வயர்மேன் இந்த வீட்டுக்கு வேணாம்" என்று அம்மாவும் அதே மாதிரி நின்றாள். கடைசியில் அப்பாதான் நடுவில் புகுந்தார். "ஸ்கூல் கண்காட்சிக்கு ரெண்டு பேரும் ரோபோ செய்றாங்க இல்ல? வந்து உன் கண்ணால பாரு. நல்லா செஞ்சிருந்தா சேத்து விடுவோம். இல்லன்னா அவன் வாயைத் திறக்கக் கூடாது." அம்மா பாதி மனசோடு தலையாட்டினாள். அந்தப் பாதித் தலையாட்டலை நம்பி என் தம்பி சோறு தூக்கம் மறந்து உழைத்தான்.

எங்கள் ரோபோவுக்குக் கால் கை எல்லாம் கிடையாது. சினிமா ரோபோவை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். பழைய பாட்டில் மூடிகளைச் சிவப்பு வேறு, பச்சை வேறு என்று பிரிக்கும் இயந்திரம் அது. மேலே ஒரு புனல். அதில் கொட்டினால் மூடிகள் ஒவ்வொன்றாக ஒரு கறுப்பு டப்பாவுக்குள் இறங்கும். உள்ளே குட்டி விளக்கோடு ஒரு நிற சென்சார். அது பார்த்து முடித்ததும் அடியில் இருக்கும் மோட்டார் ஒரு பலகையை இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்க்கும். மூடி சறுக்கிக்கொண்டு போய் அந்தந்தப் பெட்டியில் விழும். மூடி பொறுக்குவதால் நாங்கள் அதற்கு 'பொறுக்கி' என்று பெயர் வைத்தோம். ஃபிசிக்ஸ் மிஸ் காது பொத்திக்கொண்டு, அட்டையில் 'மூடி பிரிப்பான்' என்று எழுத வைத்தார்.

மிஸ் முதல் நாளே சொன்னார்: "ரோபோன்னா பெரிய மாயம் ஒண்ணும் இல்ல. சென்சார் பாக்கும், கன்ட்ரோலர் முடிவெடுக்கும், மோட்டார் செய்யும். இந்த மூணும்தான். ஆனா ஒண்ணு நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க. சென்சாருக்குச் சிவப்புன்னா என்னன்னு தெரியாது. மூடி மேல வெளிச்சம் பட்டுத் திரும்பி வரும். அதுல சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவுன்னு மூணு எண் குடுக்கும். அவ்வளவுதான் அதால முடியும். இந்த எண் வந்தா இதுக்குப் பேரு சிவப்புன்னு சொல்லிக் குடுக்கிறது நீங்கதான். தப்பா சொல்லிக் குடுத்தா, அது உங்களைவிட ஒழுங்கா தப்பு பண்ணும்."

புரோகிராம் எழுதுவது என் வேலை. சொல்லிக்கொடுப்பது தம்பியின் வேலை. ஒரு மூடியை உள்ளே போட வேண்டும், சிவப்பென்றால் இந்தப் பட்டன், பச்சையென்றால் அந்தப் பட்டன். ரோபோ அந்த எண்களையும் பெயரையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். புதிதாக ஒரு மூடி வந்தால், முன்பு பார்த்ததில் எதற்குக் கிட்டே இருக்கிறது என்று தேடி அதன் பெயரையே இதற்கும் வைக்கும். பளிச்சென்ற புது மூடி மட்டும் போதாது, வெயிலில் வெளுத்தது, அழுக்கேறியது, மங்கியது எல்லாம் காட்டினால்தான் தேறும் என்று மிஸ் சொல்லியிருந்தார். தம்பி குப்பைத்தொட்டி குப்பைத்தொட்டியாக அலைந்து ஒரு மூட்டை சேர்த்தான். வீட்டில் மூடி, பையில் மூடி, தலையணைக்கு அடியில்கூட மூடி. உட்கார்ந்து உட்கார்ந்து அவ்வளவையும் ரோபோவுக்குச் சொல்லிக்கொடுத்தான். நான் கடையில் வாங்கிய புது மூடிகளைப் போட்டுச் சோதித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. இரண்டு பேரும் தரையில் கால் பாவாமல் திரிந்தோம்.

கண்காட்சி பள்ளியின் பெரிய ஹாலில். எங்கள் மேசை வாசலுக்குப் பக்கத்தில். அம்மா இஸ்திரி மடிப்புக் கலையாத புடவையில், சிரிக்கக் கூடாது என்று முடிவெடுத்த முகத்தோடு வந்து நின்றாள். அப்பா பட்டறையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். தம்பி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பரிசெல்லாம் பெரிதில்லை, அந்தத் தலை இன்னொரு தடவை ஆட வேண்டும், அவ்வளவுதான்.

மார்க் போட வந்தவர் ஒரு தொழிற்சாலையின் இன்ஜினியர் அம்மா. குட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, அவசரமே இல்லாத நடை. நாங்கள் நீட்டிய புது மூடிகளை அவர் தொடவே இல்லை. "இதையெல்லாம் யார் வேணாலும் பிரிச்சுடுவாங்க" என்று சொல்லி, கேன்டீன் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவிக் கொண்டுவரச் சொல்லியிருந்த மூடிகளைப் புனலில் கொட்டினார். எனக்குக் குஷி. இதற்காகத்தானே தம்பி ஊர்க் குப்பையெல்லாம் கிளறினான்!

பொறுக்கி வேலையைத் தொடங்கியது. டக், சர்ர். டக், சர்ர். பளிச்சென்ற மூடிகள் ஒழுங்காகப் போய் விழுந்தன. பிறகு மங்கிய சிவப்பு மூடி ஒன்று இறங்கியது. பலகை வலப்பக்கம் சாய்ந்தது. சிவப்பு மூடி பச்சைப் பெட்டியில் விழுந்தது.

ஏதோ ஒன்று தப்பிவிட்டது என்று நினைத்தேன். அடுத்ததும் அப்படியே விழுந்தது. அதற்கு அடுத்து வெளுத்த பச்சை ஒன்று சிவப்புப் பெட்டிக்குப் போயிற்று. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். சென்சார் கொடுத்த எண்கள் சரியாகத்தான் இருந்தன, சிவப்பு அதிகம், பச்சை குறைவு என்று தெளிவாகக் காட்டின. அதற்குப் பக்கத்திலேயே ரோபோ எடுத்த முடிவு: பச்சை. அப்படியென்றால் சென்சாரிலும் கோளாறில்லை, என் புரோகிராமிலும் கோளாறில்லை. சொல்லிக்கொடுத்தவன் சொதப்பியிருக்கிறான்.

"டேய், என்னத்தடா சொல்லிக் குடுத்த? தூங்கிட்டே பட்டன் அமுக்கினியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "என்னக்கா? நல்லாத்தானே ஓடுது?"

அவனை அங்கேயே நாலு அறை அறையலாம் போலிருந்தது. இன்ஜினியர் அம்மா என் தோளில் கை வைத்து நிறுத்தினார். பச்சைப் பெட்டியை எடுத்து அவன் முன்னால் வைத்தார். பாதிக்குப் பாதி சிவப்பு மூடிகள் கிடந்தன, ஹாலின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். "தம்பி, இதுல தப்பா வந்து விழுந்ததை மட்டும் எடுத்து வெளிய போடு பாப்போம்."

தம்பி குனிந்து பார்த்தான். கையை விட்டுக் கிளறினான். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளேயே போட்டான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சொன்னான்: "எல்லாம் சரியாத்தானே இருக்கு? பச்சைதானே இது எல்லாம்?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்த யாருக்கும் அது பொய் என்று தோன்றியிருக்காது. இத்தனை வருஷம் ஒரே அறையில் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்திருக்கிறோம். அவன் கால்களில் வேறு வேறு நிறத்தில் சாக்ஸ் மாட்டி வந்தபோதெல்லாம் "மறதி மண்டை" என்று குட்டியிருக்கிறேன். இலைக்குச் செங்கல் நிறம் அடித்தான் என்று டீச்சரிடம் அவன் திட்டு வாங்கிய கதையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை. ஒரு மேசை மேல் நின்ற டப்பா வந்து சொல்ல வேண்டியிருந்தது. அது பார்த்ததைப் பிரிக்கவில்லை, என் தம்பிக்குத் தெரிந்ததைப் பிரித்துக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் அம்மா மட்டும்தான் அதிரவில்லை. "எங்க கம்பெனியில வயரிங் வேலைக்கு ஆள் எடுத்தா முதல்ல கண்ணைத்தான் சோதிப்போம்" என்றார் மெதுவாக. "இந்த மாதிரி நெறைய பேரு வருவாங்க. பளிச்சுன்னு இருந்தா சமாளிச்சுடுவாங்க, மங்கிட்டா சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியும். பொறந்ததுலேருந்து அப்படித்தான் பாக்கிறதால அவங்களுக்கே தெரியாது. பயப்படாத தம்பி, இது நோய் இல்ல. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க."

தம்பி என்னைப் பார்த்தான். "அக்கா, அப்போ நான் எலக்ட்ரிகல் சேர முடியாதா?"

அந்த ஒரு படிப்புக்காகத்தான் அவன் அத்தனை மூடி பொறுக்கினான்.

அம்மா அவனை அணைத்துக்கொள்வாள் என்று திரும்பினேன். அம்மா அவனைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை பெட்டியிலேயே குத்திட்டு நின்றது. முகத்தில் ஈயாடவில்லை. "இது எப்படி வரும்?" என்று இன்ஜினியர் அம்மாவைக் கேட்டாள். குரல் அவள் குரலாகவே இல்லை.

"பெரும்பாலும் அம்மா வழியாத்தான் பையனுக்கு வரும். அம்மாவுக்குக் கண்ணு நல்லாவே இருக்கும். உங்க அப்பாவுக்கோ கூடப்பிறந்தவங்களுக்கோ இருந்திருக்கலாம்."

கையிலிருந்த பை நழுவி விழுந்தது அம்மாவுக்குத் தெரியவில்லை. "சரியாத்தானே இருக்குன்னு சொன்னான்" என்றாள். "இவனை மாதிரியேதான், தலையைச் சாய்ச்சுக்கிட்டு, சரியாத்தானேக்கா இருக்குன்னு சொன்னான்." பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். "எங்க இருக்கான்னு எப்படியாவது கண்டுபிடிங்க. இப்பவே பாக்கணும்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கண்டுபிடிக்க என்ன இருக்கு? வாரா வாரம் ரொட்டி எங்கேருந்து வாங்கிட்டு வரேன்னு நெனச்ச?"

மறுபடியும் ஒரு இடி. பக்கத்துத் தெருவிலேயே ரொட்டிக் கடை இருக்க, அப்பா ஏன் பஸ் ஏறிப் போய் வாங்கி வருகிறார் என்று அம்மாதான் அவரைக் கரித்துக் கொட்டுவாள். வாங்கி வந்த ரொட்டியை மட்டும் நன்றாக இருக்கிறது என்று விரும்பிச் சாப்பிடுவாள். கை போனவர் எப்போதோ மன்னித்துவிட்டு, பெண்டாட்டிக்குப் பயந்து ரொட்டி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்!

அம்மா அவரிடம் சண்டை போடவில்லை. குனிந்து, பச்சைப் பெட்டியிலிருந்த மூடிகளை அப்படியே தன் பைக்குள் கொட்டிக்கொண்டாள்.

அப்போதே பஸ் ஏறினோம். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தான். இறங்கப் போகும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான்: "அக்கா, சென்சாருக்கு வயரைக் காட்டி, அது சொல்றதைக் கேட்டு நான் கட்டினா?"

"கட்டலாம்டா. ஆனா அதுக்குப் பேரு நான்தான் சொல்லிக் குடுப்பேன்" என்றேன். அந்த நிலையிலும் அவனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

ரொட்டிக் கடையின் பின்பக்கம் நீளமான ஒரு அறை. அடுப்புச் சூடு முகத்தில் அடித்தது. மேசை, தரை, தட்டு, ஆட்களின் முழங்கை வரை எல்லாம் மாவு. வெள்ளையைத் தவிர வேறு நிறமே தேவைப்படாத வேலை. மாமா மாவை உருட்டிக்கொண்டிருந்தார். நான் நினைத்து வைத்திருந்ததைவிட ஒல்லி. அம்மாவைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார். "அக்கா, அத்தான் தானா வந்துதான் ரொட்டி வாங்குறாரு. நான் ஒண்ணும் கேக்கல" என்றார்.

அம்மா மேசைக்குக் கிட்டே வந்தாள். கழுவி வைத்திருந்த ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் பையைக் கொட்டினாள். மூடிகள் உருண்டன. "இதுல பச்சை எல்லாம் எடுத்துக் குடுடா" என்றாள்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையசைத்தார். என்ன தண்டனை இது என்று புரியாமல் மாமா கையை முன்னால் கொண்டுவந்து, மாவு உதிர உதிர எடுத்து வைக்க ஆரம்பித்தார். ஒரு பச்சை. ஒரு மங்கிய சிவப்பு. இன்னொரு சிவப்பு. ஒரு பச்சை. கொஞ்சமும் தயங்கவில்லை. நிதானமாக, நேர்மையாக எடுத்து வைத்துக்கொண்டே போனார். என் பக்கத்தில் நின்ற தம்பி ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினான். பிறகு விரலை நீட்டி ஒரு மூடியைக் காட்டினான். அது சிவப்பு.

"அதுவும் பச்சைதான் மாமா. விட்டுட்டீங்க."

"ஆமா, பாக்கல" என்று சொல்லி மாமா அதையும் எடுத்துப் பச்சையோடு வைத்தார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாதான் எல்லாவற்றையும் சொன்னார். ரோபோவைச் சொன்னார், தம்பியின் கண்ணைச் சொன்னார், இன்ஜினியர் அம்மா சொன்னதைச் சொன்னார். மாமா கேட்டுக்கொண்டே தட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். தான் பொய்யனில்லை என்று தெரிந்ததும் அவர் நிம்மதியாக அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கண் அப்பாவின் வலது கைக்குப் போயிற்று. மடங்கிய அந்த இரண்டு விரல்களில் போய் நின்றது. முகம் மாவைவிட வெளுத்தது.

"யாரோ அப்புறமா பிளக்கைத் திறந்து மாத்தியிருக்கணும்னுதான் இத்தனை வருஷமும் நெனச்சுட்டிருந்தேன்" என்றார். "அப்போ நான்தானா? என் கையாலதானா அத்தானுக்கு இப்படி ஆச்சு? நான்தான் மாத்திக் கட்டினேனாக்கா?"

அம்மா மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். மாவோடு மாவாக அவர் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"இல்லடா தம்பி. நீ பச்சையைத்தான்டா கட்டின. பச்சையைத்தான் கட்டின."